'தேடினோம், கிடைக்கவில்லை'

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிப்பதற்கு முன் நடத்தப்பெறும் கருத்தரங்கு ஒன்றில் அண்மையில் நாம் குழு உறுப்பினராக அமர்ந்திருந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் சிறுகதைகளை ஆய்வாளர் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல பொருள். கதைகளை உண்மையிலேயே படித்திருந்தார் என்பதும் பேச்சில் தெரிந்தது; இக்காலத்தில் அது சிறிய செய்தியன்று. ஆனால் முன்னுரையில் ஒரு வரி இடறியது: இக்கதைகளின் வரலாறு இதுவரை எவராலும் எழுதப்படவில்லையாம். எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டோம். "இணையத்தில் தேடினேன் ஐயா, கிடைக்கவில்லை" என்றார். பக்கத்தில் இருந்த நெறியாளர் ஆமோதித்துத் தலையசைத்தார்.

தெளிவத்தை ஜோசப்பின் 'மலையகச் சிறுகதை வரலாறு' என்னும் நூல் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. தலைப்பே விடை சொல்கிறது. பிறகு ஏன் கிடைக்கவில்லை? என்ன சொற்களை இட்டுத் தேடினார் என்று விசாரித்தபோதுதான் விளங்கிற்று. 'தேயிலைத் தோட்டச் சிறுகதை', 'இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கதைகள்' என்றே திரும்பத் திரும்பத் தேடியிருக்கிறார். அம்மக்கள் தம் நிலத்துக்கும் தம் இலக்கியத்துக்கும் இட்டுக்கொண்ட பெயர் 'மலையகம்'. அந்தச் சொல்லை அவர் ஒருமுறையும் பெட்டியில் இடவில்லை. இட்ட சொல்லுக்குத் தேடுபொறி விடை தந்தது, அவ்வளவே. அதன்மேல் குற்றமில்லை. நெறியாளர்மீது உண்டு. அவரைப் போன்ற நம் அனைவர்மீதும் உண்டு.

நூலகத்தில் ஒரு நூல் இல்லை என்று மாணவர் சொன்னால், எந்த நூலகம், எந்த அலமாரி, அட்டவணையில் எந்தப் பெயரில் பார்த்தாய் என்று குடைந்து குடைந்து கேட்கிறோம். 'இணையத்தில் இல்லை' என்றால் மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறோம்? இணையம் என்று நாம் சொல்வது எதை? ஒரே ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு வெள்ளைப் பெட்டியை. நாம் ஆராய்ந்து தேர்ந்த பெட்டியும் அன்று அது. கைப்பேசியை வாங்கியபோது உள்ளே இருந்தது. அந்த இடத்தைப் பிடிப்பதற்குக் கூகுள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலரைப் பிற நிறுவனங்களுக்கு வழங்கிற்று என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்த கணக்கு. பொதுத் தேடலில் அந்நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தீர்ப்பு அங்கே கிடக்கட்டும். நம் துறைகளில் அந்த ஏகபோகத்தைக் காசு வாங்காமல் காத்து வருபவர்கள் நாமே.

இப்படிச் சொன்னவுடன் வேறொரு வகை நண்பர் எழுந்து நிற்பார். "அதற்குத்தான் டக்டக்கோவுக்கு மாறுங்கள் என்கிறேன், எல்லாம் சரியாகிவிடும்" என்பார். இவரோடும் நமக்கு வழக்குண்டு. டக்டக்கோ 2008-இல் தொடங்கியது, நம் தேடல்களைப் பின்தொடர்ந்து கோப்பு சேர்ப்பதில்லை என்கிறது, அது நன்றே. ஆனால் அது காட்டும் இணைப்புகளில் பெரும்பகுதி மைக்ரோசாப்டின் பிங்கிலிருந்து வருபவை. 2024 மே 23 அன்று பிங் படுத்தபோது டக்டக்கோவும் ஈகோசியாவும் உடன் படுத்தன. கடை வேறு, கிடங்கு ஒன்று. சொந்தமாக இணையத்தைத் துழாவிச் சொந்த அட்டவணை வைத்திருப்போர் சிலரே: ரஷ்யாவின் யாண்டெக்ஸ், பிரேவ், இங்கிலாந்தின் மோஜீக் முதலியோர். சுவீடனில் தனியொரு நிரலாளர் நடத்தும் மார்ஜினேலியா, விளம்பரக் குப்பையை ஒதுக்கி எழுத்து மிகுந்த சிறு தளங்களை முன்னிறுத்துகிறது. ஆங்கிலம் படிக்கும் அன்பர்கள் ஒரு மாலைப்பொழுதை அதில் தொலைத்துப் பார்க்கலாம்; தமிழுக்கு அது உதவாது. பழைய நூலட்டை அல்லது நிழற்படம் ஒன்றை இட்டு அதன் மூலத்தைத் தேடுவதற்கு யாண்டெக்ஸ் நமக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. மாற்றுப் பொறிகளால் பயன் உண்டு. ஆனால் பொறியை மட்டும் மாற்றி, சொல்லையும் வழியையும் மாற்றாதவருக்கு அதே வெறுங்கைதான்.

ஏனெனில் தமிழில் தேடுவது ஆங்கிலத்தில் தேடுவது போன்றதன்று. இதைச் சொல்ல வேண்டியவர்கள் கணினித் துறையினர் அல்லர். வேற்றுமையும் புணர்ச்சியும் கற்பிக்கும் நாம். 'மலையகம்' என்று தேடினால் 'மலையகத்தின்', 'மலையகத்தார்' என்பவை எல்லாம் வந்துவிடும் என்று நம்ப முடியாது. மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் நிலை இன்னும் மோசம். 'மலையகச் சிறுகதை' என்று ஒற்றிட்டுத் தேடுவது ஒரு தேடல். 'மலையக சிறுகதை' என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து 'மலையகச்சிறுகதை' என்பது மூன்றாவது. மூன்றும் மூன்று வகை முடிவுகளைத் தருவதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். விடைத்தாளில் ஒற்று விட்டதற்கு மதிப்பெண் குறைக்கும் நாம், தேடும்போது வேண்டுமென்றே ஒற்றுப்பிழை செய்தாக வேண்டும்! சந்தி பிரிக்காமல் உள்ளிடப்பட்ட பழம்பாடல்களில் ஒரு சொல்லைத் தேடுவதோ குருடன் கையில் கோல்.

எழுத்துருச் சிக்கல் வேறு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஈழத்து ஏடுகளும் புலம்பெயர்ந்தோர் தளங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதிக் குவித்தன. தமிழக அரசே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். பாமினியில் எழுதிய 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியலாம். தேடுபொறிக்கு அது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எனவே, நாம் தேடும் சொல்லைப் பொங்குதமிழ், என்.எச்.எம். போன்ற மாற்றிகளில் இட்டுப் பாமினி வடிவத்துக்கு மாற்றி, அந்த உளறலை அப்படியே பெட்டியில் ஒட்டித் தேட வேண்டும். முதல் முறை நாம் இதைச் செய்தபோது, புதைந்துவிட்டன என்று எண்ணியிருந்த கட்டுரைகள் மேலெழுந்து வந்த வியப்பு இன்னும் நீங்கவில்லை.

ஆயினும் எந்தப் பொதுத் தேடுபொறியும் எட்டாத இடங்களே நமக்கு இன்றியமையாதவை. ஈழத்து எழுத்துக்கு நூலகம் திட்டம் இருக்கிறது. 2005 முதல் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து ஏற்றி வருகிறார்கள். பக்கங்கள் பெரும்பாலும் படங்களாக உள்ளவை. ஆகவே உள்ளே இருக்கும் வரியைக் கூகுளிடம் கேட்டுப் பயனில்லை. நூலகத்துக்கே சென்று, ஆசிரியர் வழியாகவும் இதழ் வழியாகவும் ஆண்டு வழியாகவும் படியிறங்க வேண்டும். நம் ஆய்வாளர் அத்தளத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார், வாசலோடு திரும்பியிருந்தார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அத்தகையதே. மதுரைத் திட்டத்தில் உள்ளவை தட்டச்சிட்ட மூலங்கள் ஆகையால் பெட்டிக்கு ஓரளவு அகப்படும். 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தள முகவரியை எழுதி, பின் தேடுசொல்லை இட்டால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். இருபதாண்டுக்கும் மேலாக உள்ள இந்த வசதியைத் துறையில் எத்தனை பேர் அறிவோம்?

சங்கச் சொல்லொன்றின் ஆட்சியை அறிய இன்னமும் பொதுத் தேடுபொறிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணிதப் பேராசிரியராக இருந்த ப. பாண்டியராஜா தனியொருவராக உழைத்து உருவாக்கிய தொடரடைவுத் தளத்தில், சொல் வரும் அடிகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் துறைகள் செய்திருக்க வேண்டிய வேலையைக் கணிதத்திலிருந்து ஒருவர் வந்து செய்தார் என்பதற்கு நாம் நாணலாம். நாணிய பிறகாவது பயன்படுத்தலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அகராதித் தளத்தில் சொல்வாரியாகத் தேட முடிகிறது. வின்சுலோவும் பப்ரிசியசும் அங்கேயே இருக்கிறார்கள்.

இணைய ஆவணகத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். இந்திய மின்னூலகத் திட்டத்தில் படியெடுக்கப்பட்ட ஏராளமான தமிழ் நூல்கள் இன்று அங்கே கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் தலைப்புகளை உரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக உள்ளிட்டிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் முதலெழுத்தே ஒருவருக்கு 'எஸ்', இன்னொருவருக்குச் 'சி'. தமிழெழுத்தில் தேடினால் ஒன்றும் வராது; எல்லாப் பிழைகளையும் நாமே கற்பனை செய்து ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்க வேண்டும். நூலின் விவரப் பக்கத்தில் 'இம்மொழியை எழுத்துணர இயலாது' என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலக் குறிப்பு பல நூல்களில் இன்றும் நிற்கிறது. அந்நூல்களின் உள்ளே ஒரு வரியையும் தேட முடியாது என்பது பொருள். நூல் இருக்கிறது, திறந்தும் இருக்கிறது, தேடுவாருக்கு இல்லை. இதற்கு நேர்மாறான ஒழுங்குடையது அமெரிக்கக் காங்கிரசு நூலகம். 'சிறுகதை'யை அவர்களின் ஒலிபெயர்ப்பு முறைப்படி 'சி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கி, 'த'வுக்கு வெறும் 'டி' இட்டு எழுத வேண்டும். விவரமறியாதவர் அதைக் 'கிருகடை' என்று படிப்பார். ஆனால் விதியைக் கற்றவருக்கு அட்டவணை முழுதும் திறந்துவிடும். அந்த விதியை ஒரு மணி நேரத்தில் கற்கலாம். நாம் கற்பிப்பதில்லை.

போனதைத் தேடுவதும் ஒரு கலை. தமிழ் இணையத்தின் தொடக்ககாலப் பக்கங்கள் பல ஜியோசிட்டீசில் இருந்தன. 2009-இல் யாகூ அதை மூடிற்று. மறைந்த பக்கங்களின் படிகளில் ஒரு பகுதியை ஆவணகத்தின் வேபேக் மெஷின் வைத்திருக்கிறது. பக்கத்தின் பழைய படியைக் காட்டிவந்த சுட்டியைக் கூகுள் 2024-இல் நீக்கிவிட்டுப் பின்னர் ஆவணகத்துக்கே வழிகாட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த ஆவணகமும் தாக்குதலுக்குள்ளாகிச் சில வாரங்கள் தடுமாறியது. மேற்கோள் காட்டும் பக்கத்தை அன்றே அங்கே சேமித்து, ஒரு படியை நம் கணினியிலும் வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கெல்லாம் நேரமில்லை, இயந்திரத்தைக் கேட்டால் சொல்லிவிடுகிறதே என்பது இப்போதைய புதுப் பல்லவி. கேட்டுப் பார்த்தோம். உரையாடல் இயந்திரம் ஒன்று குறுந்தொகைப் பாட்டு எண்ணுடன், திணை துறையுடன், நம் மாணவி ஒருவருக்கு நான்கு வரிகள் தந்தது. குறுந்தொகையில் எங்கும் இல்லாத வரிகள் அவை. முன்பாவது இருந்ததை இல்லையென்றோம். இனி இல்லாததை இருக்கிறதென்போம். இவ்விடத்தில் ஏடு தேடி ஊரூராக அலைந்த உ.வே.சா.வை அழைத்து வருவது வழக்கம். அவரைத் தொல்லை செய்ய வேண்டா. நாம் கேட்பது அவ்வளவு பெரிதன்று.

கேட்பது ஒரு பக்கம். ஆய்வேட்டில் 'இதுவரை ஆய்வில்லை' என்று எழுதுவோர், எந்தெந்த இடங்களில், எந்தெந்தச் சொற்களை எந்தெந்த வடிவில் இட்டு, எந்த நாளில் தேடினர் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காத ஏட்டில் அந்த வரியை நெறியாளரே அடித்துவிட வேண்டும். இதை நாம் முன்மொழிந்தபோது, "இவையெல்லாம் நூலகரின் வேலை அல்லவா?" என்றார் மூத்த நண்பர் ஒருவர். அவர் துறையில் நூலகர் பணியிடம் ஒன்பது ஆண்டுகளாகக் காலி.

அந்த ஆய்வாளர் சென்ற மாதம் வந்திருந்தார். நூலகம் தளத்திலிருந்து எடுத்த இதழ்ப் படிகள் ஒரு கட்டு கையில் இருந்தது. இரண்டாம் இயலை முழுவதும் மாற்றி எழுதுகிறாராம். தலைப்பில் 'தேயிலைத் தோட்ட' என்பதை அடித்துவிட்டு 'மலையக' என்று எழுதியிருந்தார். ஒற்று விட்டிருந்தது, நாம் இட்டுக் கொடுத்தோம்.