குடும்பக் கோட்டையைக் கைக்கூலி தின்னலாமா?



இத்தனை அடிகளுக்குப் பிறகும் இந்தச் சமுதாயத்தை நிமிர்த்தி வைத்திருப்பது எது? சட்டமன்றத்தில் நமக்கிருக்கும் இடங்களா? அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசாங்க உத்தியோகமா? அதில் நம் பங்கு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கடைவீதியில் போட்ட முதலா? ஒரே நாள் கலவரத்தில் அது சாம்பலாகிப் போவதை 1997 நவம்பரில் கோவையில் கண்டோம். எல்லாம் போன பிறகும் நம்மைத் தாங்கிப் பிடித்தது குடும்பம்தான்.

1990ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 2ஆம் நாள் இராக் படை குவைத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. பல ஆண்டு உழைப்பைப் பறிகொடுத்து, கையில் ஒரு பையோடு வந்து இறங்கினார்கள். ஐ.நா. வழியாக இழப்பீடு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது யார்? மனைவியின் சிக்கனமும், வாப்பாவின் சிறு கடையும், மச்சான் கொடுத்த கைமாற்றும்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள். நேற்றுவரை வீட்டை விட்டு வெளியே வந்தறியாத பெண்கள் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஊர் போயிற்று, ஆனால் குடும்பம் சிதறிப் போகவில்லை.

2020இல் கொரோனா வந்து வளைகுடாவில் வேலை இழந்து திரும்பியவர்களுக்கும் முதலில் கதவைத் திறந்தது வீடுதான்.

சகோதரர்களே! இந்த வலிமை எங்கிருந்து வந்தது? நம் குடும்பங்களுக்குள் இருக்கும் மூன்று அருட்கொடைகளிலிருந்து வந்தது.

முதலாவது, பெண்களின் நிர்வாகத் திறன். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் முன்னோர் சபர் போனார்கள். பிறகு துபாய், ஜித்தா, குவைத் என்று பிள்ளைகள் போனார்கள். வீட்டு வரி கட்டுவது முதல் மாமியாருக்கு மருத்துவம் பார்ப்பது வரை, பிள்ளைகளின் படிப்பு முதல் மனை வாங்குவது வரை அனைத்தையும் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டுப் பக்கமே இருக்கும் வழக்கம் உண்டு. கணவர் கடல் கடந்து இருக்கையில் அவள் தனித்துப் போகவில்லை. அவள் பிள்ளைகளை வளர்க்க உம்மாவும் உம்மும்மாவும் அருகில் இருந்தார்கள்.

இரண்டாவது, கலந்தாலோசனை. பால்குடிக் குழந்தையைப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒத்து முடிவு செய்யட்டும் என்று வழிகாட்டுகிறது திருக்குர்ஆன் (2:233). ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவில் உம்ராவுக்குத் தடை ஏற்பட்டு, தோழர்கள் மனமுடைந்து எழாமல் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் யாரிடம் ஆலோசனை பெற்றார்கள்? தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம்! அந்த ஆலோசனைப்படியே முதலில் தாமே குர்பானி கொடுத்துத் தலைமுடி களைந்தார்கள். தோழர்களும் எழுந்து அவ்வாறே செய்தார்கள். ‘பொம்பளைக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கும் நம்மவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, உறவைப் பேணுதல். வட்டியில்லாத கைமாற்று, மய்யித்து வீட்டுக்கு அண்டை வீட்டார் கொண்டுவரும் சாப்பாடு, அநாதைப் பிள்ளையைத் தன் பிள்ளையோடு உட்கார வைக்கும் பெரியத்தா. இவையெல்லாம் நம் காப்பீட்டுத் திட்டங்கள்!

இப்படிப்பட்ட கோட்டையை இன்று உள்ளேயிருந்து கரையான் அரிக்கிறது. அதன் பெயர் கைக்கூலி. அதற்கு வரதட்சணை என்றும், சீர் என்றும், ‘மாப்பிள்ளைக்கு அன்பளிப்பு’ என்றும் பெயர் மாற்றிக்கொள்கிறோம்.

ஓர் இளைஞன் இரண்டு தங்கைகளைக் கரை சேர்க்கப் பத்து ஆண்டு பாலைவன வெயிலில் உழைக்கிறான். முப்பத்தைந்து வயதில் ஊர் வந்து, இழந்ததை ஈடுகட்டத் தானும் கைக்கூலி கேட்கிறான். அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் இன்னொரு இளைஞன் பாஸ்போர்ட் எடுக்கிறான். இந்தச் செக்கு எத்தனை தலைமுறை சுற்றுவது? கடை முதலை எடுத்துக் கல்யாணம் செய்த வணிகர், பிறகு அதே கடைக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறார். ஹராமை விலைகொடுத்து வாங்குவதல்லவா இது?

மகளுக்கு அன்போடு வீடு கொடுத்த நல்ல வழக்கமும் இன்று ‘வீடு இருந்தால்தான் நிக்காஹ்’ என்ற நிபந்தனையாகிவிட்டது. அதைவிடக் கொடுமை, ‘உனக்குத்தான் கல்யாணத்தில் கொடுத்துவிட்டோமே’ என்று சொல்லி, அல்லாஹ் அவளுக்கு விதித்த வாரிசுப் பங்கை மறுப்பது. வாப்பா இறந்த வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பப்படும் சகோதரிகள் எத்தனை பேர்! நாம் வெளிநாடு போனபோது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தோமோ, அந்தப் பெண்ணையேதான் சுமை என்று சொல்கிறோம்.

இளைஞர்களே! மஹரை மனமுவந்து கொடுக்கும்படி ஆணுக்குத்தான் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:4). ‘நான் கேட்கவில்லை, உம்மாதான் கேட்டார்கள்’ என்ற சாக்கு மறுமையில் எடுபடாது. பாவமான காரியத்தில் பெற்றோருக்குக் கட்டுப்படுதல் இல்லை. பெண் பார்க்கப் போகும் முன்பே உம்மாவிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நாடு விட்டுப் போனவர்கள் பணம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான், என்ன ஓதுகிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். முடிவுகளை மனைவியோடு பேசி எடுங்கள்.

வணிகப் பெருமக்களே! அன்னை கதீஜா (ரலி) வணிகப் பெருமாட்டி. உங்கள் கடையின் கணக்கும் கடனும் உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும். நாளை உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் அவர் கடைச் சாவியோடு திகைத்து நிற்கக் கூடாது. உங்கள் வீட்டுத் திருமணத்தை எளிமையாக நடத்திக் காட்டுங்கள். செல்வந்தர் எளிமையாக நடத்தினால் ஏழைக்குப் பெருமூச்சு விடத் தேவையிருக்காது. மிச்சமாகும் தொகையில் ஓர் இளைஞனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுங்கள். அவன் ஊரிலேயே தொழில் தொடங்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கைக்கூலித் தொகையில் இத்தனை சதவீதம் என்று பள்ளிவாசலுக்குப் பங்கு வாங்கிய ஊர்கள் இருந்தன. வாங்கியவனைத் தடுக்க வேண்டிய கையே பங்குக்கு நீண்டால் சமுதாயம் யாரிடம் போய் முறையிடும்? 1961லேயே நாட்டில் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மார்க்கம் அதற்கும் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வழிகாட்டிவிட்டது. கைக்கூலி பேசிய நிக்காஹுக்குப் பதிவேடு தர மாட்டோம் என்று உங்கள் மஹல்லாவில் தீர்மானம் போடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு வந்தால் பெண்ணின் பங்கை முதலில் கேளுங்கள்.

இந்தக் கோட்டையை வெளியிலிருந்து வந்த எந்தப் பகையாலும் இடிக்க முடியவில்லை. உள்ளிருந்து நாமே இடித்தால் யாரைக் குறை சொல்வது? அடுத்து உங்கள் வீட்டில் பேசப்படும் திருமணத்திலிருந்தே தொடங்குங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கு உறுதியையும் தருவானாக! ஆமீன்.