புதுக் கட்டிடம் கட்டுபவர் வடிகானுக்கும் காசு கட்ட வேண்டுமா?

2025 மே 6 தேர்தலில் தெரிவான உள்ளூராட்சி சபைகளிடம் வடிகான் கேட்டாலும் வீதி கேட்டாலும், பெரும்பாலும் கிடைப்பது “நிதி இல்லை” என்ற பதில்தான். ஆனால் அதே ஊர்களில் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டிடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நான் படிப்பிக்கும் பாடசாலை வீதியிலும் இதுதான் நிலை. கடைத்தொகுதிகள் கூடின, வடிகானின் அகலம் கூடவில்லை. மாரி மழைக்குப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

புதிய கட்டிடத்தால் கூடும் சுமைக்கு யார் பணம் கொடுப்பது? அமெரிக்காவின் பல நகரங்கள் இதற்கு ‘அபிவிருத்தித் தாக்கக் கட்டணம்’ அறவிடுகின்றன. கட்டிட அனுமதி கொடுக்கும்போதே வீதி, நீர், வடிகால், பூங்கா ஆகியவற்றுக்கான பங்கை ஒரே தடவையில் வாங்கிக்கொள்வது இதன் முறை. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களிப்பின் மூலம் ஆதன வரிக்கு உச்சவரம்பு வந்தது. வரியைக் கூட்ட முடியாத நகரங்கள் இந்தக் கட்டணத்தின் பக்கம் திரும்பின.

அங்கும் பிரச்சினை இல்லாமலில்லை. எல் டொராடோ மாவட்டத்தில் ஜோர்ஜ் ஷீட்ஸ் என்பவர் தனது காணியில் ஒரு வீடு வைக்க அனுமதி கேட்டார். வீதிப் போக்குவரத்துக்கென 23,420 டொலர் கட்டச் சொன்னார்கள். அவருடைய வீட்டால் எத்தனை வாகனம் கூடும் என்று கணக்கிட்ட தொகையல்ல அது. வலயத்தையும் கட்டிட வகையையும் பார்த்துப் போட்ட பொதுத் தொகை. அவர் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். சபை சட்டமாக இயற்றிய கட்டணம் என்பதற்காக அது அரசியலமைப்புப் பரிசோதனைக்குத் தப்பிவிட முடியாது என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தொகை நியாயமா இல்லையா என்று அது சொல்லவில்லை. அதைக் கீழ் நீதிமன்றத்துக்கே விட்டது.

கலிபோர்னியச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய மூன்று விடயங்கள் உண்டு. வசூலித்த பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, வருடாந்தம் பகிரங்கமாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஐந்து வருடங்களுக்கு ஒரு தடவை, செலவழிக்காத பணம் எதற்காக இருக்கிறது என்று விளக்க வேண்டும். தவறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த குறைபாட்டைத் திருத்தும் செலவைப் புதிதாக வருபவரின் தலையில் கட்ட முடியாது.

எமது நாட்டுக்கும் இந்த எண்ணம் முற்றிலும் புதியதல்ல. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகளின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது வீதிகள் நீங்கலாக 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். தேவையான வாகனத் தரிப்பிடத்தை வழங்க முடியாத கட்டிடங்களிடம் அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் அறவிடவும் இடமுண்டு. அந்தப் பணத்தில் எந்த ஊரில் வாகனத் தரிப்பிடம் கட்டினார்கள் என்பதே கேள்வி.

ஆனால் அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்தால் அடி விழுவது எங்கே? கிழக்கின் நெருக்கமான கரையோர ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். இருக்கின்ற பத்துப் பேர்ச்சை இரண்டாகப் பிரித்து, கடன்பட்டு மகளுக்கு வீடு கட்டும் வாப்பாவும், நான்கு மாடிக் கடைத்தொகுதி கட்டுபவரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. பெரிய கட்டணம் போட்டால் முதலாமவர் அனுமதி எடுக்காமலே கட்டுவார். அப்போது கட்டணமும் வராது, வடிகானுக்கு விட வேண்டிய இடமும் போய்விடும்.

எனவே எனது நிலைப்பாடு இதுதான்: வாழ்வதற்குக் கட்டும் சிறிய வீடுகளுக்கு விலக்கு வேண்டும். வர்த்தகக் கட்டிடங்களும், இலாபத்துக்காகக் காணி துண்டாடி விற்பவர்களும் தாம் கூட்டும் சுமைக்கு ஏற்பப் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பணம் அதே பகுதியில், குறித்த காலத்துக்குள் செலவாக வேண்டும். பழைய வடிகான்களின் குறையை ஆதன வரியிலிருந்தும் அரசாங்க நிதியிலிருந்தும்தான் தீர்க்க வேண்டும். பல இடங்களில் ஆதன மதிப்பீடு வருடக்கணக்காகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதிய கட்டணம் பேசுவது நியாயமாகாது.

புதிய கட்டணத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் வேண்டும், அதற்குக் காலமெடுக்கும். ஆனால் இருக்கின்ற கட்டணங்களின் கணக்கைக் கேட்க இன்றைக்கே வழியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தனது சபையிடம் எழுதிக் கேட்கலாம். கோரிக்கை மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். கடந்த ஐந்து வருடங்களில் கட்டிட அனுமதி, காணித் துண்டாடல் ஆகியவற்றுக்கு எவ்வளவு அறவிட்டீர்கள், அது எந்தக் கணக்கில் போனது, எந்த வீதிக்குச் செலவானது? இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வோர் ஊரிலும் ஒருவராவது கேட்கட்டும். பழைய பணத்துக்குக் கணக்குக் காட்டாத சபைக்குப் புதிய பணம் கேட்கும் தகுதி இல்லை.