மூக்கில் எழுதிய பேர்

லாரி முகத்தில் ரெண்டு சமாசாரம் எழுதியிருக்கும். ஒன்று நம்பர், இன்னொன்று பேர். நம்பர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. சரி, பேர் யாருக்கு?

எங்கள் சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டு டீக்கடை பெஞ்சில் அரை மணி உட்கார்ந்து பாருங்கள். 'கோமதி அம்மன் துணை' போகும். பின்னாலேயே 'அன்னையின் ஆசி' போகும். மூணு குழந்தைகள் பேரை வரிசையாக எழுதி, நாலாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கும் தன்னம்பிக்கை லாரிகூட ஒன்று உண்டு!

இவற்றுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கும் பெயின்டர் அண்ணாச்சியிடம் ஒரு நாள் பேச்சுக் கொடுத்தேன். "நம்பர் எழுதுறப்போ டிரைவர் டீ குடிக்கப் போயிருவாரு தம்பி. பேர் எழுதுறப்போ மட்டும் பக்கத்துலயே நிப்பாரு. கடைசி எழுத்து காயுற வரைக்கும் நகர மாட்டாரு" என்றார்.

அண்ணாச்சிக்குத் தெரியாது... அவருக்கு வியட்நாமில் நிறைய கூட்டாளிகள் இருந்தார்கள்.

1960-களில் அங்கே சண்டைக்குப் போன அமெரிக்க ராணுவம், ஹெலிகாப்டரை மாட்டு வண்டி மாதிரி சகல வேலைக்கும் பயன்படுத்தியது. ஆளை இறக்க, அடிபட்டவனைத் தூக்க, சாப்பாடு கொண்டு போக, சுட... எல்லாவற்றுக்கும் அதுதான். அதிகம் பறந்தது 'ஹ்யூயி' என்று செல்லப் பேர் வாங்கிய வண்டி. அதில் நாலு பேர். ரெண்டு பைலட், ஒரு துப்பாக்கிக்காரர், அப்புறம் 'க்ரூ சீஃப்'. நம்ம ஊர் பாஷையில் மெக்கானிக், கிளீனர், வாட்ச்மேன் மூணும் சேர்ந்த ஆள். பைலட் இன்றைக்கு ஒரு வண்டி, நாளைக்கு வேறு வண்டி என்று மாறுவார். இவர் பெரும்பாலும் ஒரே வண்டியோடு கிடப்பார். வயசு? இருபதைச் சுற்றித்தான். நம்ம ஊரில் அந்த வயசுக்கு டிகிரி அரியர்ஸ் எழுதிக்கொண்டிருப்போம்!

ராணுவம் வால் பக்கம் நம்பர் எழுதியது. பையன்கள் மூக்கில் பேர் எழுதினார்கள். காதலி பேர், சொந்த ஊர்ப் பேர், பிடித்த பாட்டின் தலைப்பு, கார்ட்டூன் பொம்மை என்று இஷ்டத்துக்கு வரைந்தார்கள். 174-வது கம்பெனிக்காரர்கள், சுடுகிற ஹெலிகாப்டர்களின் மூக்கில் சுறா வாயைப் பல்லோடு வரைந்துவிட்டார்கள். அந்த வாய் பழைய சரக்குதான். 1941 கடைசியில் ரங்கூன் வானத்தில் ஜப்பான்காரர்களோடு மோதிய அமெரிக்க விமானங்களிலும் இருந்தது. அந்தப் படைக்குப் பேர் 'பறக்கும் புலிகள்'. பேர் புலி, படம் சுறா! பெயின்டரிடம் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிரிப்பு இருக்கட்டும். வியட்நாமில் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர்கள் சுமார் 12,000. அழிந்தவை 5,000-க்கும் மேல். இந்தக் கணக்கில் தினம் காலையில் ஏறி உட்கார வேண்டுமென்றால், வண்டியிடம் ஒரு வார்த்தை பேசி வைக்கத்தானே தோன்றும்? நம்பரிடம் பேச முடியாது. பேர் இருந்தால் கூப்பிடலாம். ஆக, அது பெயின்ட் இல்லை சார், பயம்.

ஆனால் பேர் வைத்ததால் வண்டி நல்லதாகிவிடாது. 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானத்தின் மூக்கில் இருந்தது, அதன் பைலட் டிபெட்ஸின் அம்மா பேர். 'எனோலா கே'. அதுவும் ஒரு வகையில் 'அன்னையின் ஆசி'தான். அந்த வருஷ முடிவுக்குள் சுமார் 1,40,000 பேர் செத்தார்கள். வியட்நாமிலும் அப்படித்தான். வயலில் நின்ற விவசாயி மேலே பார்த்தபோது காதலி பேர் தெரிந்திருக்காது. பல்தான் தெரிந்திருக்கும்.

நம்மிடம் ஒரு ஹெலிகாப்டர் படம் உண்டு. கோயம்புத்தூர் பக்கம் சூலூரைத் தளமாகக் கொண்ட விமானப்படையின் 'சாரங்' குழு. 2003-ல் ஆரம்பித்து, அடுத்த வருஷம் சிங்கப்பூரில் முதல் முதலாக ஜனங்கள் முன்னால் பறந்தது. சிவப்பு 'துருவ்' ஹெலிகாப்டர் முழுக்க மயில். மயிலை வாகனமாக வைத்திருப்பவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கழுகுமலையில் இருக்கிறார் என்பதால், எனக்கு அதில் ஆச்சரியமில்லை. இது பையன்கள் கிறுக்கியதில்லை, சர்க்கார் உத்தரவுப்படி வரைந்தது. வேலை, வித்தை காட்டுவது. ஆனாலும் ஆபத்துக்குப் படம் தெரியாது. 2007 பிப்ரவரியில் பெங்களூரில் பயிற்சியின்போது ஒன்று விழுந்து, ஒரு விமானி இறந்துபோனார். 2013-ல் உத்தராகண்ட் வெள்ளத்தில் ஆட்களைத் தூக்கவும் இந்த மயில்கள் போயின. மொட்டைப் பாறையில் மாட்டிக்கொண்டவனுக்கு, தலைக்கு மேல் மயில் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும்!

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் தேய்மானம் ஞாபகம் வரும். வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம் கழிக்கலாம். பெயின்டர் அண்ணாச்சி எழுதிய பேருக்கு எத்தனை சதவீதம்? எந்த லெட்ஜரிலும் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் அதற்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான குண்டு விமானங்களை அமெரிக்காவில் வால்நட் ரிட்ஜ் என்ற ஊரில் கொண்டுவந்து நிறுத்தி, காயலான் கடைக் கணக்கில் விற்றார்கள். எல்லாம் உருகி அலுமினியக் கட்டியானது. உருக்குவதற்கு முன்னால், படம் போட்ட மூக்குத் தகடுகளில் சிலதை மட்டும் கோடாரியால் வெட்டித் தனியே எடுத்து வைத்தார்கள். 30-க்கும் மேற்பட்டவை பத்திரமாக டெக்ஸாஸ் போய்ச் சேர்ந்தன.

எஞ்சின் போச்சு, றெக்கை போச்சு, நம்பர் போச்சு. எவனோ ஒரு பையன் பயந்துகொண்டே எழுதிய பேர் மட்டும் நின்றது.