களமும் காட்சியும்

எழுத்தையே உடலாகக் கொண்ட ஒருவகை விளையாட்டு இணையத்தில் உண்டு. அதிலே படம் இல்லை; ஒலி இல்லை. பலர் பல ஊர்களிலிருந்து ஒரே வேளையில் ஒரு கணினியோடு தொடர்பு கொள்கின்றனர். திரையிலே ஒரு பந்தி தோன்றுகின்றது. நீங்கள் ஓர் ஒழுங்கையில் நிற்கிறீர்கள். வடக்கே ஒரு படலை. படலையடியில் ஒரு கிழவி. வடக்கே போ என்று எழுதினால் படலையைக் கடக்கலாம். கிழவியோடு பேச விரும்பினால் அந்தப் பேச்சையும் எழுதலாம். அக்கிழவி கணினி ஆட்டுவிக்கும் பொம்மையாக இருக்கலாம். வேறொரு தேசத்திலே நித்திரை விழித்திருக்கும் ஒரு மாணவனாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் வாயாற் பேசி, அதன் கையாற் செயற்படுவதே ஆட்டம்.

நாட்டுக்கூத்தைப் பார்த்துப் பழகியவர்க்கு இந்த ஏற்பாடு விளங்கச் சிரமமிராது. மட்டக்களப்பு வட்டக்களரியிலே வரைந்த திரைச்சீலை ஏது? கூத்தன் வனம் என்று பாடியதும் களரி வனமாகின்றது. கொலு என்றதும் கொலுவாகின்றது. சொல் இடத்தைப் படைக்கின்றது. பார்ப்போர் அதற்கு உடன்படுகின்றனர். ஆனால் கூத்திலே கதை முன்னரே முடிந்தது. விடிவதற்குள் கர்ணன் இறந்தே ஆகவேண்டும். நான் சொல்லும் விளையாட்டிலோ அந்த நியதி இல்லை. அமைப்பவன் இடத்தையும் காலத்தையும் தந்து ஒதுங்கிக் கொள்கிறான். வந்து சேர்பவர்கள் கதையைத் தாமே நிகழ்த்திக் கொள்கின்றனர். நாவலாசிரியனைவிட இவனுக்கு அதிகாரம் குறைவு, பொறுப்பு அதிகம்.

இத்தகைய விளையாட்டைத் தமிழிலே அமைக்க ஆசைப்படும் இளைஞர் சிலர் எழுதிய களக்குறிப்புக்களைப் படிக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. மொழி நன்று. பனங்கூடலிற் காற்று இரைகின்றது. துலாக் கிணறு கிறீச்சிடுகின்றது. கோயில் மணி ஒலிக்கின்றது. நாற்சார் வீட்டு முற்றத்தில் நிலவு விழுகின்றது. பல பக்கங்கள் படித்த பின்பும் ஒரு வினா எஞ்சியது. இந்த ஊருக்குள் ஒருவன் வந்தால் என்ன செய்வான்? நிலவைப் பார்ப்பான், மணியைக் கேட்பான், பின்பு போய்விடுவான். களம் என்று எண்ணி இவர்கள் தந்திருப்பது காட்சியையே. ஒருவன் அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யவொண்ணாது, செய்தால் யார் மறிப்பர், எது அரிது, அந்த அரியதன் பொருட்டு எவரோடு எவர் முரண்படுவர் - இவற்றுக்கு விடை இருந்தாலன்றி ஓரிடம் களமாகாது.

இவ்வகை விளையாட்டின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்கரான வில் குறோதர் கணினி வல்லுநர். குகைகளுக்குள் இறங்கி அளவெடுப்பதிலும் ஈடுபாடு உடையவர். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியிலே பெட்குவில்ற் என்னும் பகுதி அவர் நன்கறிந்த இடம். 1970களின் நடுப்பகுதியில், மணமுறிவின் பின்னர், தம் பெண்மக்களை மகிழ்விக்கும் எண்ணத்தோடு அக்குகையைச் சொற்களால் அமைத்து ஒரு விளையாட்டாக்கினார். 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரிவாக்கினார். ‘அட்வெஞ்சர்’ என வழங்கிய அது ஒருவர் தனியே ஆடுவது. எனினும் பலர் கூடி ஆடும் வகைக்கு அதுவே மூதாதை. வருணனைகள் மிகச் சுருங்கியவை. ஒரு சிறிய செங்கற் கட்டடம், ஓர் ஓடை, நிலத்திலே பதித்த இரும்புக் கிராதி. ஆனால் கிராதி பூட்டப்பட்டிருக்கின்றது, திறப்பு வேண்டும். கீழே இருள், விளக்கு வேண்டும். வூட்ஸின் பதிப்பில் அந்த விளக்கின் பற்றரி எந்நாளும் எரிவதன்று. வீணே அலைந்தால் தீர்ந்துவிடும். இருளைப் பற்றி நீண்ட வருணனை எதற்கு? தீர்ந்துபோகும் விளக்கு அந்த வேலையைச் செய்துவிடுகின்றது. பிற்காலத்தில் ஆய்வாளர் அக்குகைக்குட் சென்று பார்த்தபோது, விளையாட்டிலே வரும் இடங்கள் பலவற்றை அங்கே அடையாளங் கண்டனர். கால் நோக நடந்தவனின் எழுத்து அது.

பலர் கூடி ஆடும் வகை 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே பிறந்தது. றோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் தொடங்கினார். 1980இல் றிச்சேட் பார்ட்டில் என்ற மாணவர் பொறுப்பேற்று வளர்த்தார். ‘மட்’ என்பது பெயர். புதையற் பொருள்களைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்திலே போட்டாற் புள்ளி கிடைக்கும். புள்ளி சேரச் சேரப் படிநிலை உயரும். உச்சியை அடைந்தவர் மந்திரவாதியாகி, அவ்வுலகை நடத்தும் ஆற்றலிலே பங்கு பெறுவர். மேலோட்டமாகப் பார்த்தால் சிறுபிள்ளைக் கதை. ஆனால் பார்ட்டில் பிற்காலத்தில் இதற்குத் தந்த விளக்கம் சிந்தனைக்குரியது. பிறப்பும் வர்க்கமும் ஒருவனது இடத்தை நிர்ணயித்த பிரித்தானியச் சமுதாயத்தில் அவர் வளர்ந்தவர். அதன்மீது கொண்ட வெறுப்பினாலேயே, எவரும் தம் முயற்சியால் உயரக்கூடிய ஓர் உலகை அமைக்க விரும்பியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவ்விளையாட்டின் உட்பொருளைத் தேடுபவர் அதன் காட்டையும் குடிசையையும் விட்டு ஏணியைப் பார்க்கவேண்டும். பின்வந்தோர் பலர் ஏணியைப் பிரதி செய்தனர். அதன் பின்னிருந்த சினத்தைப் பிரதி செய்யவில்லை. ஆகவே படிகள் வெறும் எண்களாயின.

பிரதி செய்தல் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1991இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் ‘டிக்குமட்’ என்ற நிரலை வெளியிட்டனர். அதனோடு மிட்கார்ட் என்ற நகரமும் கூடவே வந்தது. எடுத்து நடத்தியவர் பலர். நகரத்தை மாற்றியவர் குறைவு. கோயிலிலே தொடங்கி, சந்தைச் சதுக்கத்தைக் கடந்து, வெதுப்பகத்தில் பாண் வாங்கும் அதே நடையை உலகெங்கும் எத்தனையோ விளையாட்டுக்களில் ஆடுவோர் நடந்திருக்கின்றனர். நம்முடைய சிறுகதைகள் சிலவற்றின் தொடக்கப் பந்தியும் இப்படித்தான்.

பிறர் நூலிலிருந்து உலகத்தை இரவல் வாங்குவோரும் உளர். அன் மக்கஃப்ரி 1968இல் வெளியிட்ட ‘டிராகன்ஃபிளைட்’ நாவலில் வரும் பேர்ண் என்னும் உலகம் 1990களிலே இத்தகைய ஆட்டங்கள் பலவற்றுக்குக் களமாயிற்று. அதற்குக் காரணம் உண்டு. அவ்வுலகின் வானிலிருந்து, உயிருள்ள யாவற்றையும் தின்னும் இழைகள் விழுகின்றன. டிராகன்களில் ஏறிச் செல்லும் வீரர் அவற்றை எரிக்கின்றனர். உழவர் அவ்வீரர்க்கு உணவும் பொருளும் திறை கொடுக்கின்றனர். இழை விழாமல் நெடுங்காலம் கழிந்தால், உழைக்காத இவர்களுக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்ற முணுமுணுப்பு எழுகின்றது. இங்கே எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும், அது பாண் சுடுபவளாயினும், ஒரு கட்சியிற் சேர்ந்தே நிற்கவேண்டியிருக்கும். இது களம். ஆயினும் இரவல் உலகிலே தலைமைப் பாத்திரங்கள் முன்னரே கொண்டு செல்லப்பட்டுவிட்டன. நூலைப் படித்தவன் படிக்காதவனைத் திருத்திக்கொண்டே இருப்பான். ஆட்டம் பரீட்சையாகிவிடும். 

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலக்கிய நிகழ்ச்சி ‘லம்டாமூ’ என்ற ஆட்டத்திலே நடந்தது. 1990இல் ஸெறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்டோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாவெல் கேட்டிஸ் அதனை அமைத்தார். களம் கலிபோர்னியாவிலுள்ள அவருடைய சொந்த வீட்டை ஒத்த ஒரு மாளிகை. புதியவர் சட்டைகள் தொங்கும் இருண்ட அலுமாரிக்குள் வந்து விழுவார்; கதவைத் திறந்தால் வரவேற்பறை. வந்தவர் எவரும் தமக்கென அறை கட்டிக்கொள்ளலாம். இதமான ஏற்பாடு. ஆனால் அந்த வீட்டிற்கு ஒரு வீட்டுக்காரன் இல்லை. ஆட்டத்தை நடத்திய மந்திரவாதிகள் 1992இன் இறுதியிலே, வழக்குத் தீர்ப்பது தம் வேலையன்று என்று அறிவித்து விலகிக் கொண்டனர்.

சில மாதங்களில், 1993இல், ஓர் ஆட்டக்காரன் ஒரு சிறு நிரலின் துணையோடு, பிறருடைய பாத்திரங்கள் தாமாகவே இழிசெயல் புரிவதுபோலவும் பாலியல் வன்செயலுக்கு உள்ளாவதுபோலவும் வரவேற்பறையில் எல்லோர் முன்னிலையிலும் எழுத்துக்களை ஓடவிட்டான். அவ்வாண்டின் இறுதியில் ஜூலியன் டிபெல் என்ற எழுத்தாளர் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் இதனை விரிவாக எழுதினார். வெறும் எழுத்துத்தானே என்று கேட்பவர்க்கு அக்கட்டுரையிலே விடை இருக்கின்றது. பாதிக்கப்பட்ட பெண்ணொருத்தி அது பற்றித் தம் கண்டனத்தை எழுதியபோது கண்ணீர் வடித்ததாக டிபெல் பதிவு செய்திருக்கிறார். குற்றவாளியை என்ன செய்வது? வீட்டிலே சட்டம் இல்லை, மன்று இல்லை. நெடிய விவாதம் முடிவின்றிக் கலைந்தபின், மந்திரவாதி ஒருவர் தாமே தீர்மானித்து அப்பாத்திரத்தை அழித்தார். அதன் பின்னரே மனு, வாக்கெடுப்பு என்னும் முறைகளைக் கேட்டிஸ் ஏற்படுத்தினார். 1996இல் மந்திரவாதிகள் தலையிடும் உரிமையைத் திரும்பவும் ஏற்கவேண்டி வந்தது. அதிகாரமும் களத்தின் ஒரு பகுதி. சுவரையும் கதவையும் எழுதியவர், கதவு யார் கையில் என்பதை எழுதாது விட்டதால் வந்த வினை அது.

இங்கே தொல்காப்பியத்தை நினையாதிருக்க முடியவில்லை. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று மார்தட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். தொல்காப்பியர் கணினியைக் கனவிலும் கண்டாரல்லர். எனினும் அகப்பொருட் பாட்டைப் பற்றி அவர் வகுத்தது நம் வினாவுக்கு நேரே உதவுகின்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாசிரியர் கொள்கை. இளைஞர் தந்த குறிப்புக்களிலே நிலம் உண்டு, மரம் உண்டு, பறவை உண்டு. தொழில் மெலிந்து கிடக்கின்றது, ஒழுக்கம் அறவே இல்லை. முதற்பொருளிலும் பாதியே உண்டு. நிலத்தைச் சொன்னவர்கள் பொழுதைச் சொல்லவில்லை. நான் பொழுது என்பது மாலையையும் மாரியையும் மட்டும் அன்று. எந்த ஆண்டு?

1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ஈழத்து எழுத்தாளர் மண்வாசனை பற்றி வாதிட்டனர். பனையையும் கூழையும் கதையிலே தூவிவிட்டால் மண் மணக்கும் என்று நினைத்தவர் அன்றும் இருந்தனர். அவ்வாதம் சிறுகதையோடு முடிந்துவிடவில்லை என்பதைக் களக்குறிப்புக்கள் காட்டுகின்றன. அவற்றில் வரும் யாழ்ப்பாணக் கிராமத்திலே எந்தப் படலையும் எவருக்கும் திறக்கின்றது. எந்தக் கிணற்றிலும் எவரும் அள்ளலாம். கோயிலின் உள்வீதி வரை எவரும் போகலாம். அத்தகைய கிராமம் நம் பெற்றோர் வாழ்ந்த காலத்தில் இருந்ததா? 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உட்செல்ல உரிமை கேட்டவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர், மறித்தவர்களும் நின்றனர். சட்டம் திறந்த கதவை வழக்கம் பூட்டி வைத்திருந்த பதினொரு ஆண்டுகள் இவை. தேநீர்க்கடைக்காரன், பொலிஸ்காரன், ஆசிரியர், அர்ச்சகர், வெளியே சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடிக்க மறுக்கும் இளைஞன் - ஒவ்வொருவருக்கும் அங்கே தெரிந்தெடுக்க வேண்டிய ஒன்று உண்டு. தெரிந்ததற்கு விலையும் உண்டு. களம் தேடுவோர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இழிவை விளையாட்டாக்குவதா என்ற மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. லம்டாமூவின் கதையைப் படித்தவர் அதனை எளிதிலே தள்ளிவிட மாட்டார். சாதிப்பெயர் சொல்லி ஒருவரை ஏசும் வாய்ப்பைத் தேடியே சிலர் வந்து சேர்வர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பூட்டிய கதவுகளை வருணனையிலிருந்து நீக்கிவிட்டு, நிலவையும் மணியையும் வைத்துக்கொள்வதனால் எவர் மானமும் காக்கப்படுவதில்லை. மறிக்கப்பட்டவர்கள் ஊரில் இருந்தார்கள் என்பதே மறைந்துபோகின்றது. ஆதலால் அமைப்போர் சிலவற்றை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். ஊரின் ஆண்டும் அங்கே நிகழக்கூடியனவும் நுழைவாயிலிலேயே அறிவிக்கப்படுதல் வேண்டும். மறிக்கப்படுபவரின் பாத்திரத்தை எவர் மீதும் சுமத்தலாகாது, விரும்பியவரே ஏற்கவேண்டும், ஏற்றவர் எக்கணமும் இடைநிறுத்தி வெளியேற உரிமை வேண்டும். மறிப்பவனுக்குப் புள்ளி கிடைக்கும்படி விதி அமையக்கூடாது. முறைப்பாட்டை யார் கேட்பர், எத்தனை நாளில் தீர்ப்பர் என்பது முதல் ஒழுங்கையை வருணிப்பதற்கு முன்பே தீர்மானமாகியிருத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின் பனங்கூடலைப் பற்றி இரண்டு வரி எழுதலாம்.