கோழிக்கூட்டுக்கும் வேண்டும் வெள்ளை!

பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு

பொங்கல் வந்தால் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் தீட்டுகிறோம். புறக்கடையிலுள்ள கோழிக்கூட்டை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. உடைந்த பலகை, ஓட்டைத் தகரம், பழஞ்சாக்கு ஆகியவையே அதற்குப் போதும் என்று விட்டுவிடுகிறோம். இந்த அலட்சியம் நீங்க வேண்டும் என்பதே என் கருத்து.

கிராமத்தில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. முட்டை விற்ற காசுதான் பல தாய்மார்கள் யாரையும் கேளாமல் செலவிடக்கூடிய பணம். பிள்ளையின் நோட்டுப் புத்தகம் அந்தச் சிறுவாட்டிலிருந்து வந்த வீடுகள் எத்தனை! இரவில் மரநாய் புகுந்து நாலு கோழிகளைக் கொன்றால், "கோழிதானே!" என்பர் வீட்டார். அந்தத் தாய்க்கோ பல மாதச் சேமிப்பே போயிற்று.

"பஞ்சாரம் போதாதா?" என்று கேட்கலாம். பகலில் பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காக்க அது போதும், இரவுக்குப் போதாது. வீட்டுக் கோழியின் முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழி என்கிறது விலங்கியல். அது இரவில் மரக்கிளையில் அடையும் பறவை. எனவே கூட்டுக்குள் கோழிகள் ஏறி அமரக் குறுக்குக் கம்பு வேண்டும். 4 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள கூட்டில் எட்டுப் பத்துக் கோழிகள் இரவைக் கழிக்கலாம். கூடு தரையிலிருந்து 2 அடி உயரத்தில் நிற்கட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அதிகம் விழாது. மேற்பகுதியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்தால் காற்று வரும், மரநாய் வராது. காற்றோட்டம் இல்லையேல், எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து எழும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும்.

இனி, பூச்சு. மீந்துபோன பழைய பெயிண்டைப் பூசுவது தவறு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டிலும் பழைய கதவுப் பலகைகளிலும் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். கோழி எதையும் கொத்தும். உதிர்ந்த பூச்சைத் தின்றால் ஈயம் முட்டை வழியே நம் குழந்தைகளையும் வந்தடையும்.

சுண்ணாம்பே சாலச் சிறந்தது. நீற்றிய சுண்ணாம்பு வலிய காரம். கிருமிகள் பல அதில் பிழைப்பதில்லை. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். பகலில் பலகை இடுக்கில் பதுங்கி, இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும் செள்ளுக்கு ஒளிய இடம் குறையும். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு மட்டும் தடுப்பூசியே வழி. சுண்ணாம்பு அதற்கு ஈடாகாது.

1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாம்களுக்காகக் கிராமங்களுக்குச் செல்கிறோம். தெருவைக் கூட்டுகிறோம், பேரணி நடத்துகிறோம். ஏழு நாளில் ஒரு நாளைக் கோழிக்கூட்டுக்கு ஒதுக்கினால் என்ன? வேதியியல் மாணவர் கண்ணில் தெறிக்காமல் சுண்ணாம்பு நீற்றட்டும். இயற்பியல் மாணவர் வெயிலின் போக்கைப் பார்த்துத் திசை குறிக்கட்டும். விலங்கியல் மாணவர் செள் தேடட்டும். கூட்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அந்த வீட்டுத் தாயிடமே கேட்போம். பேராசிரியப் பெருமக்கள் அனுமதித்தால் வரும் முகாமிலேயே தொடங்கலாம்.