மைக்செட் காப்பின்னா அவ்வளவு இளக்காரமா?

மக்கா, இந்தப் பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடும் கூட. பழைய இசைத்தட்டு சேர்க்கிற அண்ணன்மார் யாராவது படிச்சா கோவம் வரும். வரட்டும்.

எங்க தெருவுல ஒரு மைக்செட் பாட்டா இருக்காரு. குளச்சல் சுத்துவட்டாரத்துல ஒரு காலத்துல அவரு குழாய் கட்டாத கல்யாண வீடு கம்மி. கோயில் கொடை, பள்ளிவாசல் விசேஷம், மாதா கோயில் திருவிழா, சடங்கு வீடு எல்லாத்துக்கும் அவருதான். இப்போ கை நடுங்குது, தொழிலை விட்டாச்சு. வீட்டுல ரெண்டு மரப்பெட்டி நிறைய ரெக்கார்டு கெடந்துச்சு.

போன வருஷம் வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. ஒவ்வொரு தட்டையும் உறையில இருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தாரு. கீறல் இல்லாதது ஒரு பக்கம், கீறல் விழுந்தது இன்னொரு பக்கம். நாப்பது தட்டை எடுத்துக்கிட்டு, தட்டுக்கு அம்பது ரூவா கணக்குல குடுத்துட்டுப் போனாரு. மிச்சத்தைக் காட்டி அவரு சொன்ன வார்த்தை: "இதெல்லாம் மைக்செட் காப்பி, வேலைக்காவாது."

ரெண்டு மாசம் கழிச்சு அதுல ஒரு தட்டு இணையத்துல விக்க வந்துச்சு. உறை மேல பாட்டா பேனாவுல எழுதின நம்பர் அப்படியே இருக்கு, அதனால எனக்குத் தெரிஞ்சுது. விலை 6,500 ரூவா.

பாட்டாகிட்ட சொன்னேன். அவருக்குக் கோவமே வரல. "மக்ளே, நல்ல தட்டு அவன் கொண்டு போனான். நாலு பேரு கேட்ட தட்டுதான் இங்க கெடக்கு"ன்னாரு.

எனக்குத்தான் கோவம் வந்துச்சு. அம்பதுக்கு வாங்கி ஆறாயிரத்துக்கு வித்ததுக்கு இல்ல. நானும் வணிகவியல் படிக்கிறவன்தான், லாபம்னா என்னன்னு தெரியும். கோவம் அந்த "வேலைக்காவாது"ங்கிற வார்த்தை மேல. அந்தத் தட்டுங்க பார்த்த வேலையை இந்த ஊருல வேற எந்தப் பொருளும் பாக்கலங்க.

யோசிச்சுப் பாருங்க. 1960கள்ல, 70கள்ல எங்க கடற்கரையில எத்தனை வீட்டுல ரெக்கார்டு பிளேயர் இருந்திருக்கும்? பணக்கார வீட்டுல ஒண்ணு ரெண்டு. மத்தவனுக்கெல்லாம் ரேடியோ, இல்லேன்னா மைக்செட். 1952ல மத்திய அமைச்சரா வந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு சொல்லி அகில இந்திய வானொலியில அதை ஒதுக்கி வச்சாரு. அப்போ நம்ம ஆளுங்க இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினாங்க. 1957ல விவித் பாரதி வந்த பிறகும் நம்ம பக்கத்துல இலங்கை வானொலிக்கு இருந்த மவுசு குறையல. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது எல்லாம் யாரு? இன்னைக்கு டி.ஜே.ன்னு சொல்றோமே, அந்த வேலையைத்தான் அவங்க பார்த்தாங்க. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, நடுவுல என்ன பேசணும்ங்கிற கலை. அவங்க படத்தோட பேரையும் பாடினவங்க பேரையும் ஒளிச்சு வைக்கல. சொல்லிட்டுத்தான் போட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

தெருவுல அதே வேலையைப் பார்த்தவரு மைக்செட்காரர். காலையில பக்திப் பாட்டு. சீர்காழி கோவிந்தராஜன் ஒண்ணு, நாகூர் ஹனிபா ஒண்ணு, மாதா பாட்டு ஒண்ணு. எந்த மதத்து வீட்டு விசேஷமா இருந்தாலும் மூணையும் போட்டுட்டுத்தான் பாட்டா சினிமாப் பாட்டுக்குப் போவாராம். பந்தி நடக்கும்போது மெதுவான பாட்டு, மாப்பிள்ளை வரும்போது துள்ளலான பாட்டு, பொண்ணு கெளம்பும்போது அதுக்குன்னு ஒண்ணு. அந்தக் கடைசிப் பாட்டுக்கு அழாத தாய்மாரே கிடையாதுன்னு பெருமையா சொல்வாரு.

குழாயில பேஸ் வராது. நடு ஸ்தாயி மட்டும் வெட்டின மாதிரி வரும். அதனாலதான் டி.எம்.எஸ்., ஹனிபா மாதிரி குரலுங்க தென்னந்தோப்பு தாண்டி, கடல்ல வலை இழுக்கிறவன் காதுவரைக்கும் போச்சு. எந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும்னு அவருக்குத் தெரியும். அவரு எந்தப் புத்தகமும் படிச்சுத் தெரிஞ்சுக்கல.

இனி இங்கிலாந்துக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். காரணம் இருக்கு.

அங்க வடக்குப் பக்கம், மில்லும் சுரங்கமும் இருந்த ஊருகள்ல, 1970கள்ல ஒரு கூட்டம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களோட சோல் இசைக்கு ராத்திரி முழுக்க ஆடுச்சு. நார்தர்ன் சோல்னு பேரு. விகன் கசீனோங்கிற அரங்கத்துல 1973ல இருந்து 1981 வரைக்கும் இது நடந்துச்சு. அமெரிக்காவுல விக்காம, யாரும் கேக்காமப் போன ரெக்கார்டுகளைத்தான் இவங்க தேடிப் பிடிச்சாங்க. எவன்கிட்ட யாருக்கும் கிடைக்காத ரெக்கார்டு இருக்கோ அவன் பெரிய டி.ஜே. அடுத்தவன் கண்டுபிடிச்சு வாங்கிடக் கூடாதுன்னு லேபிளை மறைச்சு, பொய்ப் பேரு சொல்லிப் போடுவாங்க.

ஃபிராங்க் வில்சன்னு ஒருத்தர். 1965ல மோடவுன் கம்பெனிக்கு ஒரு பாட்டு பாடினாரு. அது ஒழுங்கா வெளிவரவே இல்ல, அடிச்ச தட்டுல பெரும்பாலானதை அழிச்சுட்டாங்க. தப்பிச்ச ஒண்ணு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்து, விகன்ல எடி ஃபாஸ்டர்ங்கிற பொய்ப் பேருல ஓடுச்சு. ஜனம் ஆடித் தீர்த்துச்சு. பாடினவரு பேரு ஆடினவனுக்குத் தெரியாது. அந்த ரெக்கார்டு 2009ல 25,000 பவுண்டுக்கு மேல போச்சு. 2020ல 1 லட்சம் பவுண்டுன்னு செய்தி. வில்சன் 2012லயே செத்துப் போயிட்டாரு. பழைய தட்டு எத்தனை கை மாறினாலும் பாடினவனுக்கு அதுல காலணா பங்கு கிடையாது.

நம்ம ஊரு சேகரிப்பாளர்கள் இப்போ இதைத்தான் காப்பியடிக்கிறாங்க. 'ஒரிஜினல் தட்டுதான் இசை, மத்ததெல்லாம் குப்பை'ங்கிற திமிரு. யாருகிட்டயும் இல்லாதது என்கிட்ட இருக்குங்கிற பீத்தல். லேபிளைக் காட்டாம பாதி உறையை மட்டும் படம் பிடிச்சுப் போடுறது. ஆனா அந்த விகன்காரன்கிட்ட இருந்த ஒரே ஒரு நல்ல குணத்தை மட்டும் விட்டுட்டாங்க. அவன் பேரை மறைச்சாலும் பாட்டைப் போட்டான். ஊரு ஆடுச்சு. நம்மாளு பாட்டையே போட மாட்டேங்கிறான். கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டிட்டு விலை ஏறுதான்னு பாக்கறான்.

இதுக்குப் பேரு சேகரிப்பு இல்லங்க, பதுக்கல். அரிசியைப் பதுக்கினா கேக்க ஆளு இருக்கு. பாட்டைப் பதுக்கினா ரசிகன்னு பேரு கிடைக்குது.

எங்க பாடத்துல ஒண்ணு சொல்லித் தருவாங்க. கடையில இருக்கிற சரக்கை அடக்க விலை, வித்தா கையில வரும் விலை, இந்த ரெண்டுல எது குறைவோ அதுலதான் கணக்கு எழுதணும். இவங்க நேர் எதிர். எவனோ ஒருத்தன் எங்கயோ கேட்ட விலைதான் இவங்க கணக்குல மதிப்பு. இன்னொண்ணு தேய்மானம். ஒரு மெஷின் ஓடி வேலை செஞ்சா தேயும். அந்தத் தேய்மானத்தை செலவா எழுதுறோம், ஏன்னா அது சம்பாதிச்சுக் குடுத்திருக்கு. பாட்டாவோட தட்டுல இருக்கிற கீறல் அந்தத் தேய்மானம். நூறு கல்யாணம் நடத்தி வச்ச தட்டு தேயாம என்ன செய்யும்? ஒரு வேலையும் பாக்காம புதுசா இருக்கிறது ஓடாத சரக்கு.

சரி, எதிர்ப் பக்கத்துக்கும் பதில் சொல்லணும்ல.

"நாங்க வாங்கலேன்னா பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்." உண்மை. ஒத்துக்கிறேன். 80கள்ல கேசட் வந்து, அப்புறம் சி.டி., பென் டிரைவ்னு போனப்போ எத்தனையோ தட்டு அப்படித்தான் அழிஞ்சுது. சென்னையில வி.ஏ.கே.ரங்கா ராவ் மாதிரி ஆளுங்க பல்லாயிரம் இசைத்தட்டு சேர்த்ததால பிழைச்ச பாட்டு நிறைய. ஆனா அவரு என்ன பண்ணினாரு? எழுதினாரு, பேசினாரு, யாரு பாடினது எப்போ வந்ததுன்னு நாலு பேருக்குச் சொன்னாரு. விக்ரம் சம்பத் தொடங்கின இந்திய இசைக் காப்பகம் பழைய அரக்குத் தட்டுகளை டிஜிட்டலாக்கி யாரு வேணும்னாலும் இலவசமா கேக்க இணையத்துல போட்டுச்சு. இது சேகரிப்பு. இதுக்கு நான் கும்பிடு போடுறேன்.

"போட்டா தேஞ்சிடும்." ஊசி பட்டா தேயும்தான். ஒரே ஒரு தடவை ஒழுங்கா ஓடவிட்டு கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வச்சா அந்தக் கவலையும் தீர்ந்துச்சு.

"பதிஞ்சா காப்புரிமைப் பிரச்சினை." இதைச் சொல்றவங்க சட்டத்தைப் படிச்சதில்ல. நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துல ஒலிப்பதிவுக்கு உரிமை 60 வருஷம், தட்டு வெளிவந்ததுக்கு அடுத்த வருஷத்துல இருந்து கணக்கு. 1960ல வந்த தட்டோட ஒலிப்பதிவு உரிமை 2020 கடைசியோட முடிஞ்சு போச்சு. வரிக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு, ஆக்கினவரு மறைஞ்சு 60 வருஷம். உரிமை இருக்கிற பாட்டை ஊருக்கெல்லாம் ஏத்தி விடுன்னு நான் சொல்லல. ஆனா சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவுல கையாள 52ஆம் பிரிவு இடம் குடுக்குது. லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்கிட்ட இருக்கிற பிரதியைப் பாதுகாக்க மின்னணு வடிவத்துல சேமிக்கலாம்னும் அதே பிரிவுல இருக்கு. கல்யாணம், மதச் சடங்குல பாட்டு ஒலிக்க விடுறதுக்குக் கூட அங்க விலக்கு உண்டு. மைக்செட்காரனை மதிச்ச ஒரே ஆளு நம்ம சட்டம்தான் போலிருக்கு :-)

"குழாய்னாலே தொல்லை." இதுல நானும் கட்சி மாறுவேன். பரீட்சை நேரத்துல பாட்டாவை மனசுக்குள்ள திட்டினவங்கள்ல நானும் உண்டு. ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் போடக் கூடாதுன்னு 2005ல உச்ச நீதிமன்றம் சொன்னது சரிதான். குழாயைத் திரும்பக் கட்டுங்கன்னு நான் கேக்கல. பாட்டைக் கேக்க விடுங்கன்னு கேக்கறேன்.

அந்தக் கீறல் தட்டெல்லாம் இப்போ எங்க வீட்டுலதான் இருக்கு. பாட்டா "நீ எடுத்துக்கோ மக்ளே"ன்னுட்டாரு. ஒரு பழைய பிளேயரை ரிப்பேர் பண்ணி ஞாயித்துக்கிழமை தோறும் ஒண்ணொண்ணா பதியறேன். போன மாசம் டீக்கடையில போன்ல ஒரு ஹனிபா பாட்டு போட்டேன். வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பாத்து, "இப்போ ஒரு இடத்துல துள்ளும் பாரு"ன்னாரு. துள்ளுச்சு! அவரு கல்யாணத்துலயும் அதே தட்டு அதே இடத்துல துள்ளியிருக்கு. அவரு அந்தப் பாட்டை முணுமுணுக்கும்போதும் அந்தத் துள்ளலோடதான் பாடுறாரு. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தவருக்கு இது தெரியுமா?

பெட்டியில சில மாதா பாட்டுத் தட்டு இருக்கு. இணையத்துல எவ்வளவு தேடியும் எனக்குச் சிக்கல. பாடினது யாருன்னு லேபிள்ல தேஞ்சு போச்சு. பாட்டாவுக்கும் ஞாபகம் இல்ல. நாப்பது நல்ல தட்டோட போனதுல இதோட கீறாத பிரதி ஏதாவது இருந்திருந்தா? அதுல அந்தப் பேரு இருந்திருந்தா? அது இப்போ எந்த அலமாரியில பூட்டிக் கெடக்கோ.

அதனால அண்ணன்மாரே, நான் கேக்கறது நாலே நாலு:

1. வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா விக்கிறவனுக்கு அதோட விலை என்னன்னு சொல்லிட்டு வாங்குங்க.
2. லேபிளை ரெண்டு பக்கமும் படம் பிடிச்சு, தட்டு நம்பரோட நாலு பேரு பாக்கற இடத்துல போடுங்க. அதுக்குக் காசு செலவில்ல.
3. ஒரு தடவையாவது பதிஞ்சு வைங்க. முடியலேன்னா முடியறவன்கிட்ட ஒரு நாள் குடுங்க.
4. மைக்செட்காரர் உயிரோட இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து, எந்தத் தட்டை எப்போ போட்டாருன்னு கேட்டு எழுதிக்கோங்க. அது எந்த உறையிலயும் அச்சடிச்சு இருக்காது.

இதுல ஒண்ணு கூட முடியாதுன்னா, தயவுசெஞ்சு உங்களை இசை ரசிகன்னு சொல்லிக்காதீங்க. ஷேர், தங்கம், ரெக்கார்டுன்னு ஒரே வரியில எழுதி வச்சுக்கோங்க.

திட்டணும்னா தாராளமா திட்டுங்க மக்கா. அதுக்கு முன்னாடி வீட்டுப் பரண் மேல ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வாங்க. தாத்தா பெட்டியில ஏதாவது தட்டு கெடந்தா, கீறல் இருக்கான்னு பாக்காதீங்க. முதல்ல என்ன பாட்டுன்னு பாருங்க.

பி.கு: அந்த மாதா பாட்டுத் தட்டோட உறை பச்சை நிறம், நடுவுல வெள்ளை லில்லிப் பூ. யாரு வீட்டுலயாவது இருந்தா, பாடினவங்க பேரை மட்டும் சொல்லுங்க. தட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்.