உள்ளங்கை அகல வலை



ஐப்பசி பிறந்துவிட்டால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் யாருக்கும் நிற்க நேரமில்லை. கார்த்திகைக்கு அகல் போயாக வேண்டும். போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஒரு கொட்டகையில் அச்சிலிருந்து எடுத்த அகல்கள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் களிமண் மூட்டையைத் தோளுக்கு ஏற்றப் போனார். ஏற்றுவதற்கு முன் இடது கையால் தொடை இடுக்கை ஓர் அழுத்து அழுத்திக்கொண்டார். இரண்டு முறை இருமினார். இரண்டு முறையும் கை தானாக அதே இடத்துக்குப் போனது.

"எவ்வளவு நாளா இருக்குண்ணே?" என்று கேட்டேன். புரியாததுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் ஆவுது சார். படுத்தா உள்ள போயிடுது. நின்னா எலுமிச்சங்கா கணக்கா வெளிய வருது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"கார்த்திகை முடியட்டும் சார்."

போன கார்த்திகைக்கும் இதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டாராம். வீட்டில் மனைவிக்குக்கூடத் தெரியாது. மருந்துக்கடையில் ஒரு பெல்ட் வாங்கிக் கைலிக்குள் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்காகவே எழுதுகிறேன். அவரைப் போல வாய்திறக்காமல் இருப்பவர்கள் நம் வாசகர்களின் வீடுகளிலும் இருப்பார்கள். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தக் குடலிறக்கம் வருகிறது. இத்தனை பேருக்கு வரும் ஒன்றில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் அடிவயிற்றுக்குள்ளேதான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் தொடை இடுக்கு வழியாக ஒரு பாதை அமைத்துக்கொண்டு கீழே இறங்குகின்றன. அந்தப் பாதை இருக்கும் இடம் ஆயுள் முழுவதும் வயிற்றுச் சுவரின் பலவீனமான இடம். வயது ஏற ஏறச் சுவர் தளர்கிறது. மூட்டை தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, ஓயாத இருமல் எல்லாம் உள்ளிருந்து அதைத் தள்ளுகின்றன. ஒருநாள் கொழுப்போ குடலோ அந்த இடுக்கில் எட்டிப்பார்க்கிறது. பீங்கான் தொழிலில் இருமலைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த களிமண் பொடியிலும் குவார்ட்ஸ் பொடியிலும் இருக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். அந்த இருமலைக் கவனிக்காமல் குடலிறக்கத்தை மட்டும் தைத்து அனுப்பினால், தையலுக்கு ஒவ்வோர் இருமலும் ஓர் அடி. வாயையும் மூக்கையும் மூடாமல் அரவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சரி, அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். இத்தாலியின் படுவா நகரில் எடோவார்டோ பஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். 1867-இல், இளைஞராக, இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் படையோடு ரோம் நகரை நோக்கிப் போனபோது எதிரியின் துப்பாக்கி ஈட்டி அவருடைய தொடை இடுக்கில் பாய்ந்தது. பிழைத்து எழுந்தவர் பின்னாளில் அதே இடத்தைப் பழுதுபார்ப்பதையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1884-இல் தொடங்கிய அவருடைய முறைதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம்: கொழுப்பும் குடலும் பிதுங்கி வந்த பையை அகற்றிவிட்டு, மேலேயுள்ள தசையைக் கீழேயுள்ள நாரோடு இழுத்துத் தைப்பது. அவர் கையில் அருமையாக நின்றது. மற்றவர்கள் கையில் பல சமயம் நிற்கவில்லை. கனடாவில் ஷோல்டைஸ் மருத்துவர் இதையே நான்கு அடுக்காகத் தைக்கும் முறையாக வளர்த்தார். 1945-இல் அவர் தொடங்கிய மருத்துவமனை இன்றும் குடலிறக்கத்துக்கென்றே நடக்கிறது.

இழுத்துத் தைத்த தையல் ஏன் பிய்ந்தது என்பதை நம் வீட்டில் பாட்டிகளே சொல்லிவிடுவார்கள். நைந்த வேட்டியில் கிழிசலின் இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துத் தைத்தால், தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கிழிசல் விழும். கிழிசலைவிடப் பெரிதாக ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் நிற்கும். அமெரிக்காவில் இர்விங் லிக்டென்ஸ்டைன் 1980-களில் செய்தது இந்த ஒட்டுப் போடும் வேலைதான். தசையை இழுக்கவில்லை. பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னிய வலையை அந்த இடத்தில் பரப்பித் தைத்தார். 1989-இல் அவருடைய குழு 1,000 பேருக்குச் செய்த சிகிச்சைகளை வெளியிட்டபோது, ஒருவருக்குக்கூடத் திரும்ப வரவில்லை என்றது. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்து, தசைக்குப் பின்புறம் வலையை வைக்கும் லேப்பரோஸ்கோப்பி அதன் பிறகு பரவியது. இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கும், ஒருமுறை தைத்தும் திரும்ப வந்தவர்களுக்கும் அது நல்ல வழி. வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் முழு மயக்கமும் கைதேர்ந்த மருத்துவரும் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு வலை எதுவும் தேவையில்லை. பையை மட்டும் கட்டிவிட்டால் போதும்.

என்னை நெகிழவைத்தது இந்த வரலாற்றில் நம் நாட்டுப் பக்கம். மகாராஷ்டிரத்தில், துலே மாவட்டத்தில், தோண்டாயிசா என்று ஒரு சிற்றூர்.  அங்கே ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், வெளிநாட்டு வலையின் விலை தன் நோயாளிகளுக்கு எட்டாததைப் பார்த்தார். கொசுவலைத் துணியும் ஏறக்குறைய அதே பிளாஸ்டிக் இழைதானே என்று யோசித்தார். பூச்சிமருந்து ஏற்றாத துணியை வாங்கி, வெட்டி, நீராவியில் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். பல ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து அந்த அனுபவத்தை 2003-இல் இந்திய அறுவை சிகிச்சை இதழில் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொசுவலைத் துணியும் மறு பிரிவுக்கு விலையுயர்ந்த வலையும் வைத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவு: ஓராண்டுக்குப் பிறகு இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்குத் திரும்ப வந்திருந்தது. சிற்றூர் மருத்துவர் ஒருவர் தன் ஏழைகளுக்காக யோசித்தது உலகத்தின் முதன்மையான மருத்துவ இதழ்களில் ஒன்றில் போய் நின்றதை நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

ஆகவே பணத்துக்குப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. முதுகில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தோ முடித்துவிடலாம். வலியே இல்லாத சிறு வீக்கத்தை மருத்துவரே கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். அது அவர் சொல்ல வேண்டியது, நாமாக எடுக்கும் முடிவல்ல. பெல்ட் பிடித்துக்கொள்ளும், குணப்படுத்தாது. வீக்கம் கல்லாக இறுகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். அழுத்தித் தள்ளிப் பார்க்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நள்ளிரவானாலும். பெண்களுக்குத் தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே வரும் வகை அப்படிச் சிக்குவது அதிகம். அதனால் சிறு கட்டியானாலும் காட்டிவிடுங்கள் சகோதரிகளே.

எனக்குத் தெரிந்த மருத்துவரிடம் ஒரு துண்டு வலை வாங்கிக்கொண்டு மறுபடி அந்தக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். களிமண் கரைசலை முப்பது வருஷமாகச் சல்லடையில் வடித்த கண் அது.

"கண்ணு பெருசா இருக்கே சார். எங்க சல்லடை இதவிட எவ்வளவோ பொடிசு."

மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன்: கண் பெரிதாக இருந்தால்தான் சதை அதற்குள் புகுந்து வளரும், வலையும் உடம்பும் ஒன்றாகிவிடும்.

அவர் இன்னொரு முறை விரலில் தேய்த்துப் பார்த்தார். "செவ்வாக்கிழம லோடு ஏத்திட்டா புதன் வேல இல்ல. நீங்களும் கூட வர்றீங்களா சார்?" என்றார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்